ரெயினம் சதுப்பில் ஆறு கூடுகளும் ஒரு குடையும்

செவன் கிங்ஸில் இருக்கும் ஒரு வாசகி சென்ற கிழமை பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்: "என் பிள்ளைகள் பால் சுப்பர்மார்க்கெட்டில்தான் விளைகிறது என்று நினைக்கிறார்கள். லண்டனை விட்டு வெளியே போகாமல் மாடு மேய்வதைக் காட்ட ஓர் இடம் சொல்லுங்கள்." இடம் இருக்கிறது. ரெயினம் சதுப்பு. பறவைகளையும் சேர்த்தே காட்டலாம். ஆனால் அந்த இடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு 1993ஆம் ஆண்டு மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றுதான் முதலில் வந்து நிற்கிறது. ஆகவே முதலில் அந்தப் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். பஸ், ரயில் விவரம் எல்லாம் கடைசியில் இருக்கிறது. அவசரக்காரர்கள் நேரே அங்கே போய்விடலாம்.

ஊரில் நான் கால்நடை வைத்தியர். வன்னியில் ஆறு வருடம் மாட்டுப் பட்டி பட்டியாகத் திரிந்தவள். லண்டனுக்கு வந்த பிறகு இல்ஃபர்டில் ஒரு கடையில் காசாளராக நின்றேன். இங்கே என் படிப்பை ஏற்றுக்கொள்ள இன்னும் பல பரீட்சைகள் எழுத வேண்டும் என்றார்கள். அப்போதுதான் ஒரு சின்னஞ்சிறு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, மாடு வளர்ப்பவர்களுடன் பேசிப் பழக ஆள் தேடியது. ஆறு மாத வேலை. பலன் தெரிந்தால் நீடிப்பார்கள், தெரியாவிட்டால் நன்றி வணக்கம். "கடை வேலையை விட்டிட்டு உதுக்குப் போறீர். ஆறு மாசத்துக்குப் பிறகு என்ன செய்யிறது?" என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் கடையில் சொல்லிவிட்டு வேலையில் சேர்ந்தேன்.

வேலை என்னவென்றால், தேம்ஸ் ஆற்றங்கரைச் சதுப்புப் புல்வெளிகளில் மாடு மேய்ப்பவர்களை ஒரு விடயத்துக்குச் சம்மதிக்க வைப்பது. அங்கே ஆட்காட்டிக் குருவிகள் தரையில் கூடு கட்டும். கூடு என்பதுகூடப் பெரிய சொல். காலால் நாலு தடவை பறண்டிய குழி, அதற்குள் மண் நிறத்தில் நாலு முட்டை. நம் ஊர் ஆட்காட்டியின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தலையில் மட்டும் ஒரு மெல்லிய கொண்டை. மாடு மேய்ந்து புல் கட்டையாக இருந்தால்தான் இந்தக் குருவி அங்கே வரும். ஆனால் ஏப்ரல், மே மாதத்தில் மாடு கூடிப்போனால் முட்டையெல்லாம் குளம்புக்கு அடியில் போய்விடும். மாடு இல்லாமலும் சரிவராது, மாடு நிறைந்தாலும் சரிவராது. இந்த நடுவழியைத்தான் நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கேட்கிறவர்களோ மே மாதத்துப் புல்லை நம்பி வருடம் முழுவதும் காத்திருந்தவர்கள்.

மூன்று மாதம் ஒவ்வொரு பண்ணை வாசலாக ஏறி இறங்கியதில் ஒருவர்தான் பிடிகொடுத்தார். டெரெக் என்று பெயர். அறுபது வயது, முழங்காலில் வாதம், பேச்சில் சிக்கனம். இருபத்திரண்டு நாம்பன்கள் வைத்திருந்தார். நாம்பன் என்றால் எங்கள் ஊரில் இளங்காளை. அவருடையவை எல்லாம் காயடித்து இறைச்சிக்கு வளர்ப்பவை. "புல் யாருக்காகவும் காத்திருக்காது, டொக்டர்" என்பதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் வசனம். இந்த நாட்டில் என்னை டொக்டர் என்று கூப்பிட்ட முதல் ஆளும் அவர்தான். அதற்காகவே அவரிடம் நாலு தடவை அதிகமாகப் போனேன்.

கடைசியில் ஒரு வயலைப் பரீட்சைக்குத் தந்தார். அதில் ஆறு கூடுகள் இருந்தன. சனிக்கிழமை பதினொரு மணிக்கு மற்ற மேய்ச்சல்காரர்கள் பத்துப் பேரும் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. மாட்டையும் கூட்டையும் ஒரே வயலில் வைத்துக் காட்ட வேண்டும். "பத்து மாட்டை மட்டும் விட்டால் ஒருவனும் நம்பமாட்டான், முழுவதையும் விடுகிறேன்" என்றார் டெரெக். கூடுகளை எப்படிக் காப்பாய் என்று கேட்டார். நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கொடி நடுவேன் என்று மட்டும் சொன்னேன்; மனதில் இருந்தது எங்கள் ஊர் வெருளி.

வன்னியில் வயல் வைத்திருந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். பட்டி மாடு பயிருக்குள் இறங்காமல் இருக்கக் கம்பில் பழந்துணியைக் கட்டி நட்டுவிட்டால் பாதிக் காவல் முடிந்தது. காற்றில் துணி அசைந்தால் மாடு வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். என்னிடம் பழைய செம்மஞ்சள் நைலக்ஸ் சீலை ஒன்று இருந்தது. அதை நீளத்துக்குக் கிழித்து, மூங்கில் தடியில் கட்டி, ஒவ்வொரு கூட்டுக்கும் பக்கத்தில் ஒரு பாகம், அதாவது இரண்டு கையை விரித்த தூரம், தள்ளி ஒன்று நட்டேன். ஆறு கொடிகளும் ஆற்றுக் காற்றில் படபடத்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. டெரெக் வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் மாடுகளை அவிழ்த்து விட்டார். அன்று பின்னேரம், எட்டு மணி தாண்டி, வாகனங்கள் நிறுத்துவதைப் பற்றிக் கேட்க அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். பேச்சோடு பேச்சாக, "உன் கொடிகள் மாடுகளுக்கு நன்றாகப் பிடித்துவிட்டன. மத்தியானத்திலிருந்து சுற்றிச் சுற்றி அங்கேதான் நிற்கின்றன" என்றார்.

 உடனே எல்லாவற்றையும் சொன்னேன். கொடி மாட்டை விரட்டத்தான் கட்டினேன், கூப்பிட இல்லை.  "ஓ" என்றார். பிறகு, இப்போதே போய்ப் பிடுங்கிவிடட்டுமா என்று கேட்டார். அதுவும் முடியாது. பொழுது சாய்கிற நேரத்தில், அந்தக் குளிரில், கூட்டில் இருக்கும் குருவியைக் கிளப்பிவிட்டால் அது இருட்டில் திரும்பி வராமலே போகலாம். முட்டை விறைத்துவிடும். நடந்த தடத்தை மோப்பம் பிடித்து நரியும் வரும். மாடுகள் எப்படியும் படுக்கப் போகின்றன, படுத்த இடத்தில் கிடக்கட்டும், விடிந்து வெயில் ஏறும்போது நான் வருகிறேன் என்றேன். சரியான முடிவுதான். ஆனால் சரியான முடிவு எடுத்தவளுக்கு நித்திரை வரும் என்று யாரும் சொல்லவில்லையே. ஆறு கூட்டில் எது மாட்டுக்கு அடியில் கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டே புரண்டேன்.

சனிக்கிழமை. கணவர் காரை எடுத்துக்கொண்டு விடியற்காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். செவன் கிங்ஸிலிருந்து ஒரு தரிப்பு ரயிலில் இல்ஃபர்ட், அங்கிருந்து பஸ்ஸில் பார்க்கிங் என்ற ஊரின் ரயில் நிலையம், அங்கே மாறி ரெயினம். எல்லாம் கூடி ஒன்றே கால் மணித்தியாலம். ரெயினத்தில் இறங்கினால் வயலுக்கு இரண்டு மைல் நடை. இதுதான் என் திட்டம். ஏழரைக்குப் பார்க்கிங் நிலையத்தில் போய் நின்றால், தண்டவாள வேலை, ரயில் இல்லை என்று சோக்கால் எழுதி வைத்திருந்தார்கள். மாற்று பஸ் ஐம்பது நிமிடம் கழித்து வருமாம். இந்த ஊரில் அந்தரப்பட்டு வெளிக்கிடுகிற நாளாகப் பார்த்துத்தான் தண்டவாளம் பழுதாகும். நிலையத்து வாசலில் இருந்த தொலைபேசிக் கூண்டில் ஏறி, செவன் கிங்ஸில் எங்கள் ஆட்கள் நடத்தும் மினிகேப் கந்தோருக்கு, அதாவது வாடகைக் கார் அலுவலகத்துக்கு, எடுத்தேன். குகன் அண்ணை வந்தார்.

குகன் அண்ணை யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார், இங்கே மினிகேப். கார் பளபளவென்று இருந்தது. ஏறினதும் ஏறாததுமாக விசாரணை தொடங்கிவிட்டது.

"என்ன தங்கச்சி, விடியக் காலமை எங்க போறியள்?"

"ரெயினத்துக்கு அண்ணை. மாடு பாக்கப் போறன்."

"மாடோ? லண்டனிலையோ? ஏன், பால் கடையள் எல்லாம் பூட்டிப் போட்டாங்களோ?"

"பகிடி விடாதேங்கோ அண்ணை. கெதியாப் போங்கோ."

என் குரலைக் கேட்டதும் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு அண்ணை பேச்சை நிறுத்தினார். ஏ13 வீதியில் டெகனம் கார்த் தொழிற்சாலையைத் தாண்டும்போது நானே எல்லாவற்றையும் சொன்னேன். மாடு, குருவி, சீலை, பதினொரு மணி.  அண்ணை பொறுமையாகக் கேட்டார். "அப்ப உங்கட பிரச்சினை இதுதான். மாடு முட்டையை மிதிச்சுப் போட்டுதெண்டா அந்த வெள்ளையள் இனி ஒருத்தரையும் நம்பாங்கள். உங்கட வேலையும் சரி, குருவியும் சரி, ரெண்டும் போச்சு" என்றார். கணக்கு வாத்தியார் அல்லவா, விடையை அடிக்கோடிட்டுக் காட்டிவிட்டார்.

பார்க்கிங்கிலிருந்து சுமார் எட்டு மைல், இருபது நிமிடம். பத்துப் பவுன். ரெயினம் ஊரைத் தாண்டி ஆற்றுப் பக்கம் திரும்பினால் லண்டன் திடீரென்று முடிந்துபோகும். ஒரு பக்கம் குப்பை மேடும் அதன் மேல் வட்டமிடும் கடற்பறவைகளும். மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையான பச்சை, நடுநடுவே வாய்க்கால், தூரத்தில் மின்கம்பிக் கோபுரங்கள். சதுப்புப் பாதை வந்ததும் அண்ணை காரை நிறுத்தினார். "தங்கச்சி, பின்னேரம் பிள்ளையளோட விம்பிள்டன் கோயிலுக்குப் போகோணும். காரை இப்பத்தான் கழுவினனான். இந்தச் சேத்துக்குள்ள ஏலாது."  என் முகத்தில் என்ன இருந்ததோ, அண்ணை பெருமூச்சு விட்டுக் காரைச் சேற்றுக்குள் இறக்கினார்.

வயல் வாசலில் இறங்கும்போது ஒன்பது மணி ஆகவில்லை. படலைக் கதவில் கை வைத்ததும் "டமார்" என்று ஒரு வெடி. நானும் அண்ணையும் ஒரே நேரத்தில் காருக்குப் பின்னால் குந்திவிட்டோம். இரண்டாவது வெடி. அண்ணையின் கை என் தலையை அமத்தியபடி இருந்தது. மூன்றாவது வெடிக்குப் பிறகுதான் நினைவு வந்தது. அது பக்கத்துத் தோட்டக்காரர் புறா விரட்ட வைத்த காஸ் துப்பாக்கி, தானாக வெடித்துக்கொண்டிருக்கும். சொன்னேன். அண்ணை எழும்பிக் காற்சட்டையைத் தட்டினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

வயலைப் பார்த்தேன். இருபத்திரண்டு மாடுகளில் ஒன்றுகூட அந்த வெடிக்குத் தலை தூக்கியிருக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வன்னி மாடு துணியைக் கண்டு ஓடுவது துணிக்காக இல்லை. துணிக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கும், ஆளிடம் கல் இருக்கும், சில வருடங்களாகக் கல்லைவிட மோசமானதும் இருந்தது. இந்த நாம்பன்கள் கன்றிலிருந்து வாளியில் தீனி கண்டு வளர்ந்தவை. புதிதாக ஏதாவது தெரிந்தால் தின்ன ஏதோ வந்திருக்கிறது என்றுதான் நினைக்கும். பயந்த ஊரிலிருந்து வந்ததால் எல்லாச் சீவனும் பயப்படும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அங்கே நின்று இதையெல்லாம் யோசித்தபோது அழுகைதான் வந்தது.

அழ நேரமில்லை. மாடுகள் இரண்டு கூட்டமாக நின்றன. ஒரு கூட்டம் வாசலுக்குக் கிட்ட இருந்த இரண்டு கொடிகளைச் சுற்றி. அங்கே தரை சேறாகக் கலங்கியிருந்தது. இன்னொரு கூட்டம் அடுத்த கொடியை நோக்கி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கொடிக்கு முன்னால் ஓர் ஆட்காட்டி, ஒரு மாட்டின் மூக்குக்கு நேரே, இரண்டு செட்டையையும் விரித்துக்கொண்டு நின்றது. ஒரு புறா அளவு உருவம். "பீ-விட், பீ-விட்" என்று கத்தியது. மாடு ஒரு அடி பின்வாங்கியது, பிறகு இரண்டு அடி முன்னால் வந்தது.

உள்ளே ஓடி விரட்டலாம். ஆனால் மிரண்ட மாடு எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. இருக்கிற கூட்டையும் சேர்த்து மிதித்துவிடும். அவை விரும்பித் திரும்பினால்தான் உண்டு. திடீரென்று தோன்றியது. துணிக்கு வருகிற மாடு வேறு எதற்கும் வரும்தானே.

"அண்ணை, காருக்குள்ள என்ன கிடக்கு? பெரிசா, வடிவா, ஆடக்கூடியதா?"

"ஒரு குடை கிடக்கு. ஆரோ விட்டிட்டுப் போனது."

டிக்கியிலிருந்து எடுத்தார். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட, ஒரு குடும்பமே நிற்கக்கூடிய குடை. வயலின் மறுகோடிக்கு, கூடுகள் இல்லாத பக்கத்துக்கு, வேலிக்கு வெளியே ஓடிப் போய் அதை விரித்து மடக்கச் சொன்னேன். அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாத்தியாரா இருந்தனான், தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, தோய்த்து மினுக்கிய காற்சட்டையோடு புல்லுக்குள் இறங்கினார்.

குடை ஒருமுறை விரிந்தது, மடங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி. ஆட்காட்டிக்கு முன்னால் நின்ற நாம்பன் தலையைத் திருப்பியது. மறுபடி. காது இரண்டும் முன்னால் வந்தன. பிறகு அது நடக்கத் தொடங்கியது, பின்னால் இன்னொன்று, பிறகு ஓட்டமும் நடையுமாக முழுப் பட்டாளமும். கடைசியாக ஓடியதன் வாயில் என் செம்மஞ்சள் சீலைத் துண்டு. சப்பிக்கொண்டே ஓடியது, பாதி வழியில் துப்பிவிட்டது. விழுங்கியிருந்தால் வைத்தியரின் வெருளியால் வயிறடைத்த மாட்டுக்கு அதே வைத்தியர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

நான் உள்ளே போய், குருவிகளைக் கலைக்காமல் ஒவ்வொன்றாக ஆறுதலாகக் கொடிகளைப் பிடுங்கினேன்; ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. வாசலுக்குக் கிட்டே இருந்த இரண்டு கூடுகளும் இல்லை. சேற்றில் மஞ்சள் கரு கலந்து, ஓடு அமிழ்ந்து கிடந்தது. தூரத்தில் இருந்த மூன்றுக்கும் பழுதில்லை, குருவிகள் அப்போதே திரும்பி உட்காரத் தொடங்கிவிட்டன. செட்டை விரித்து நின்ற குருவியின் கூட்டில் நாலு முட்டையும் முழுதாக இருந்தன. ஆனால் குருவி நான் வந்ததும் பறந்துவிட்டது. புறங்கையால் ஒரு முட்டையைத் தொட்டேன். ஆறிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக மாட்டோடு மல்லுக்கட்டியதோ தெரியாது. ஆற்றுக் காற்று ஊசியாகக் குத்தியது. நான் விலகினால்தான் அது வரும். விலகினேன்.

வாசலுக்கு வந்தால் டெரெக் நிற்கிறார். அவருக்குப் பின்னால் வாகனங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பத்தரை மணிதான், எல்லோரும் நேரத்தோடு வந்துவிட்டார்கள். இறங்கியவர்கள் முதலில் பார்த்தது என்னை இல்லை. தூரத்து மூலையில், இருபத்திரண்டு மாடுகள் அரைவட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருக்க, சட்டைப் பொத்தான் கழுத்துவரை பூட்டிய ஒரு தமிழர் குடையை விரித்து மடக்கிக்கொண்டிருந்தார்.

"அவர் யார்? நிபுணரா?" என்று பச்சைத் தொப்பி போட்ட ஒருவர் கேட்டார்.

"மினிகேப் சாரதி" என்றேன். யாரோ சிரித்தார்கள்.  நான் தயாரித்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டேன். எஞ்சினை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். என் ஊரில் மாடு துணிக்குப் பயப்படும், உங்கள் மாடும் பயப்படும் என்று நினைத்தேன், இரண்டு கூடு போய்விட்டது, அதோ அந்தச் சேறுதான் அது, ஒன்றில் முட்டை ஆறுகிறது, குருவி வரவில்லை.

"நாம்பன் எந்தப் புதுச் சாமானுக்கும் வரும் என்று எனக்குத் தெரியும்" என்றார் டெரெக் மெதுவாக.

"பிறகேன் சொல்லவில்லை?"

"நீதானே டொக்டர். அது உன் வைத்தியம் என்று நினைத்தேன்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மூன்று மாதமாக நான் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒருமுறையும் அவரைக் கேட்கவில்லை. பச்சைத் தொப்பிக்காரர், "சரி, மாட்டைக் குறை என்று சொல்லத்தானே கூப்பிட்டாய்? குறைத்தால் புல் வளர்ந்து கூளமாகும்" என்றார். "ஓம், அப்படி வளர்ந்தால் குருவியும் வராது. உங்கள் மாடு எனக்கு வேண்டும்" என்றேன். "ஜூன் முடியும்வரை பாதி மாடு. உப்புக்கட்டியையும் தண்ணித் தொட்டியையும் கூடில்லாத மூலையில் வையுங்கள், மாடு அங்கேதான் நிற்கும். அதற்குப் பிறகு முழுவதையும் விடுங்கள்." குடை பிடித்த மூலையைக் காட்டினேன். பார்த்தார்கள். 

"அந்த ஆறாவது கூடு எங்கே?" என்று மட்டும் ஒருவர் கேட்டார்.

காட்டினேன். குருவி வாய்க்கால் கரையில் நின்றது. எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றது. பதினொரு பேரும் நானும் டெரெக்கின் மாட்டு டிரெய்லருக்குப் பின்னால் ஒதுங்கினோம். தொலைநோக்கி என்னுடையது ஒன்றுதான், கை மாறி மாறிப் போனது. குருவி நாலு அடி ஓடியது, நின்றது. காஸ் துப்பாக்கி வெடித்தது. அது திரும்பப் பறந்து கரைக்கே போய்விட்டது. "அந்தச் சனியனை யாராவது நிறுத்துங்கள்" என்று பச்சைத் தொப்பிக்காரர் பல்லைக் கடித்தார். ஒருவர் சத்தம் போடாமல் தோட்டக்காரர் வீட்டுப் பக்கம் நடந்தார். ஒருவர் சிகரெட்டை வாயில் வைத்தவர் பற்ற வைக்காமலே வைத்துக்கொண்டு நின்றார். மூலையில் குகன் அண்ணை குடையை நிறுத்தவே இல்லை. கை மாற்றி மாற்றி விரித்தார். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. வர வேண்டும், வர வேண்டும் என்று எனக்குள் ஒரே சொல். பக்கத்தில் நின்றவர்கள் மூச்சு விடுகிற விதத்தைப் பார்த்தால் அவர்களுக்குள்ளும் அதுதான்.

வெடி நின்றது. குருவி ஓடியது, நின்றது, ஓடியது. குழிக்கு மேல் நின்று நெஞ்சு இறகைப் பிரித்து, இரண்டு பக்கமும் ஆடி, அமர்ந்தது.

"உட்கார்ந்துவிட்டாள்" என்றார் டெரெக்.

பச்சைத் தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். பிறகு என்னைப் பாராமல், உப்புக்கட்டியை வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று கேட்டார். படம் காட்டி, விளக்கம் சொல்லி மூன்று மாதமாக முடியாதது, என்னுடைய பயம் அவர்களுக்கும் தொற்றியபோது முடிந்தது என்றுதான் நினைக்கிறேன். பத்தில் ஆறு பேர் அந்த வருடமே சம்மதித்தார்கள். அண்ணை சேற்றுக் காரோடு கோயிலுக்குப் போனார். அடுத்த முறை கண்டபோது, "தங்கச்சி, என்ர வகுப்பிலகூட இருபத்திரண்டு பேர் அப்பிடிக் கவனிச்சதில்லை" என்றார்.

இனிப் போகிறவர்களுக்கு. சதுப்பின் பெரும்பகுதி இப்போது பறவைகள் சரணாலயம். நடைபாதைகள், மறைந்திருந்து பார்க்கும் குடில்கள், பிள்ளைகளுக்கான ஏற்பாடுகள் எல்லாம் உண்டு. மாடும் மேய்கிறது. செவன் கிங்ஸ், இல்ஃபர்ட் பக்கத்தார் பார்க்கிங் நிலையத்தில் மாறுங்கள். ரெயினத்தில் இறங்கினால் நடை கூட, பர்ஃப்ளீட்டில் இறங்கினால் சரணாலய வாசல் கிட்ட. நோர்பரி, விம்பிள்டன் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் போக மட்டும் ஒன்றரை இரண்டு மணித்தியாலம் வையுங்கள். சனி ஞாயிறில் தண்டவாள வேலை இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள், இது ஒன்று மட்டும் 1993இலிருந்து மாறவில்லை. மே மாதம் சிறந்தது, ஆனால் பாதையை விட்டு இறங்கக் கூடாது. ஆட்காட்டி உங்கள் தலைக்கு மேல் கத்தினால் கூடு கிட்ட இருக்கிறது என்று அர்த்தம், வந்த வழியே திரும்புங்கள். ஆற்றுக் காற்றுக்குச் சுவெட்டர் வேண்டும். நான் சொன்ன வயல் தனியார் நிலம், வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். வேலியில் துணி எதையும் காயப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அந்த வருட ஜூலை மாத முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. வெள்ளிக்கிழமை, பின்னேரம், தொலைபேசி. எடுத்தேன். டெரெக்.

"டொக்டர், நாளைக்குத்தானே முழு மாட்டையும் விடும் நாள்?"

"ஓம். விடுங்கள். தவணை முடிந்துவிட்டது."

அவர் வைக்கவில்லை. 

"ஆறாவது கூட்டுக் குஞ்சுகளில் ஒன்று இன்னும் பறக்கவில்லை. இன்றைக்கு மூன்று தடவை போய்ப் பார்த்தேன். இன்னும் ஒரு கிழமை பொறுக்கட்டுமா?"

"உங்கள் புல்?" என்று கேட்டேன்.

"புல் காத்திருக்கும்" என்றார்.